எட்டு க்ராங்க்

சல்மாபாத் பட்டறைத் தெருவில்
ரம்பச் சத்தம் பல்லைக் கூசவைத்த ஒரு மத்தியானம்
கீல் வாங்கப் போனேன்.

கடைக்காரர் கேட்டார்:
ஜீரோவா, எட்டா, பதினாறா?
நான் முழித்தேன்.
கதவு பலகையை முழுசாக மூடினால் ஜீரோ.
உள்ளே புதைந்து நின்றால் பதினாறு.
ஒரே பலகையை இரண்டு கதவு பங்குபோட்டால் எட்டு.
சொல்லிக்கொண்டே மூன்றையும் மேஜையில் வைத்தார்,
மூன்று முழங்கைகள்:
ஒன்று நீட்டியது,
ஒன்று லேசாக மடங்கியது,
ஒன்று பஸ் நெரிசலில் இடுக்கிக்கொண்டது.

எட்டு, என்றேன்.
மெதுவாக மூடுகிற ரகம். நான்கு.

எங்கள் அலமாரி அப்படித்தான்.
நடுப்பலகைக்கு இந்தப் பக்கம் நான்
அந்தப் பக்கம் இருதயராஜ்.
ஜுஃபைரில் ஒரு கோபுரத்துக்கு இரவுக் காவல் அவர்.
எனக்கு டைல்ஸ் கிடங்கு, பகல்.
நான் வரும்போது அவர் கட்டிலில் போர்வை மடித்திருக்கும்.
நான் கிளம்பும்போது அதே போர்வைக்குள் அவர்.
பதினோரு மாதம்.
வாடகைப் பங்கைக்கூட
டீத்தூள் டப்பாவுக்கு அடியில்தான் வைத்து எடுத்தோம்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தல்.
விடியலில் சட்டை எடுக்க நான் கதவைத் திறந்தால்
அது கீல்வாதக்காரன்போல் முனகும்.
போர்வைக்குள்ளிருந்து 'உம்' என்று ஒரு சத்தம் வரும்.
பாவம், இப்போதுதான் கண் அசந்திருப்பார்
என்று தினமும் கூசிப்போவேன்.

அவர் வேலைக்குப் போன வியாழக்கிழமை இரவு
கதவுகளைக் கழற்றினேன்.
பழைய கீல்களில் துரு, கடல்காற்றின் கைவேலை.
ஏசி சொட்டிச் சொட்டிப் பலகை
நனைந்த ரொட்டியாய் உப்பியிருந்தது.
திருகு போட்டால் சும்மா சுற்றியது.
தீக்குச்சிகளை ஒடித்துப் பசையில் முக்கி
ஓட்டைகளில் திணித்து
காயட்டும் என்று ஒரு டீ குடித்தேன்.
பிறகு பார்த்தால்
நான் இந்தப் பக்கம் முடுக்கிய திருகு
அந்தப் பக்கத்துத் திருகில் முட்டி நின்றது.
அரை விரல் கீழே இறக்கிப் போட்டேன்.

முன்திருகைத் திருப்பினால் கதவு பக்கவாட்டில் நகர்கிறது.
பின்திருகுக்கு உள்ளே வெளியே.
ஒரு பக்கம் சரிசெய்ய மறுபக்கம் கோணுகிறது.
இரவு ஒரு மணிக்கு
இரண்டு கதவுக்கும் நடுவே நூறு ஃபில்ஸ் காசைச் செருகினேன்.
விழாமல் நின்றது.
தள்ளிவிட்டேன்.
கடைசி நான்கு விரற்கடையை
கதவு யோசித்து யோசித்துக் கடந்து
மூடியது.
சத்தமே இல்லை.

வெள்ளி விடுமுறை.
சனிக்கிழமை கண்விழித்தபோது
ஜன்னலில் முழு வெயில்.
கிடங்கு பஸ் போய் இரண்டு மணி நேரம்.

போனில் அலாரம் வைத்த பழக்கமே எனக்கு இல்லை.
ஐந்துக்கு முன்னால் தானாக விழிப்பு வரும்
ஊரில் வராத விழிப்பு இங்கே எப்படி வந்தது என்று
ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

டாக்ஸிக்குக் கொடுத்தது
கீலுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.
சூப்பர்வைசர் அரைநாள் வெட்டினார்.

சாயங்காலம் டப்பாவுக்கடியில் ஒரு சீட்டு.
பென்சில் எழுத்து:
'கதவு பிரமாதம்.
நீங்க எந்திரிக்கல, லீவுன்னு நினைச்சிட்டேன்.
முன்னெல்லாம் வந்ததும்
உடுப்பு மாட்டுற சாக்குல ரெண்டு தடவை ஆட்டுவேன்.
நீங்க புரண்டா நிறுத்திருவேன்.
இப்ப எவ்வளவு ஆட்டியும் சத்தம் வரல.'

கீலின் முதுகில்
நகத்தளவு ஒரு பிளாஸ்டிக் நெம்பு இருக்கிறது.
தள்ளினால் மெத்தென்ற மூடல் போய்விடும்.
அவர் கதவில் இரண்டையும் தள்ளிவிட்டேன்.
என்னுடையதை அப்படியே விட்டேன்.

இப்போது ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்பு
'டப்.'
எழுகிறேன், குளிக்கிறேன், சட்டை எடுக்கிறேன்.
என் கதவு மூடுவது எனக்கே கேட்பதில்லை.
ஆனாலும் போர்வைக்குள்ளிருந்து
'உம்.'